மனநல ஆலோசனை: முறை முக்கியமா, எதிரே அமர்ந்திருப்பவர் முக்கியமா?

“இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்.” தோட்டத்திலும் பட்டணத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கேலிக்குச் சொல்லப்பட்டு வரும் பேச்சு இது. ஈப்போவுக்கு அருகே 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இதற்குக் காரணம். இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மலாய் மொழியில் மகிழ்ச்சி. பெயர் மாறியது, ஊர் வாய் மாறவில்லை. சிங்கப்பூரில் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பெயரும் இதே பாட்டைப் பட்டது. அந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி, மனநலக் கழகமாகிவிட்ட பிறகும் மூத்தவர்கள் வாயில் அது உட்பிரிட்ஜ்தான்.

இந்தக் கேலியால் ஒரு நட்டம் ஏற்பட்டிருக்கிறது. மனநல உதவி என்றாலே பூட்டிய வார்டும் ஊசியும்தான் என்ற படம் பலர் மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் இந்த உதவியின் பெரும்பகுதி ஒரு சின்ன அறையில், இரண்டு நாற்காலிகளில், ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடியும் பேச்சு. தேவைப்படுவோர் எண்ணிக்கையும் சிறியதன்று. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் 2019ஆம் ஆண்டு வயது வந்தோரில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிய வந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர்.

முதன்முறை ஆலோசகரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் வீட்டில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். “ஒண்ணுமே சொல்லல. சும்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க.” அடுத்த தவணைக்கு அவர்கள் போவதில்லை. இது நம்மவர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று எண்ண வேண்டியதில்லை. சுவிஃப்ட், கிரீன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் 669 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நிறுத்திவிட்டது தெரிந்தது. சும்மா கேட்பதுபோல் தெரியும் அந்த நேரத்தில் என்னதான் நடக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால், இவர்களில் சிலராவது இரண்டாம் முறை போயிருக்கக்கூடும்.

டோடோ பறவையின் தீர்ப்பு

பேச்சுவழிச் சிகிச்சையில் பல முறைகள் உண்டு. ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை என்று பட்டியல் நீளும். எது சிறந்தது என்ற சண்டை பழையது. 1936ஆம் ஆண்டிலேயே சால் ரோசன்சுவைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறு கட்டுரையில் இதைத் தொட்டார். ஒவ்வொரு முறையைச் சேர்ந்தவரும் தம் முறையால்தான் குணமாகிறது என்கிறார். ஆனால் குணமானவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்களே என்று கேட்டார். அப்படியானால் எல்லா முறைக்கும் பொதுவான ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது என்பது அவர் முடிவு. ஆலிஸ் என்ற சிறுமியின் கதையில், பந்தயத்தில் ஓடிய அனைவருக்கும் பரிசு என்று தீர்ப்பளிக்கும் டோடோ பறவையை அவர் இதற்கு உவமையாக்கினார். அந்தப் பறவையின் பெயர் இன்றுவரை இந்த விவாதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொதுவான ஒன்று எது என்பதற்குத் தெளிவான விடை தந்தவர் கார்ல் ரோஜர்ஸ். அவருடைய 1957ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆலோசகரிடம் மூன்று பண்புகள் வேண்டும் என்றது. வந்தவரின் உலகத்தை அவர் கண்ணாலேயே பார்க்க முயல வேண்டும். இன்ன மாதிரி இருந்தால்தான் உன்னை மதிப்பேன் என்ற நிபந்தனை கூடாது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. மாமியாரையோ மருமகனையோ ஒரு மணி நேரம் இப்படிக் கேட்டுப் பார்த்தால் இதன் கடுமை புரியும்.

1979இல் எட்வர்ட் போர்டின் என்பவர் இதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆலோசகரும் வந்தவரும் ஒரு கூட்டாளிகள். எதற்காக இங்கே வருகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து வேண்டும், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும், இவற்றைத் தாங்க ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வேண்டும் என்றார். இந்தக் கூட்டுறவை அளக்கக் கேள்வித்தாள்கள் வந்தன. ஆய்வுகள் குவிந்தன. 2018இல் ஃப்ளூக்கிகர், வாம்போல்ட் உள்ளிட்ட நால்வர் 295 ஆய்வுகளை, 30,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக்கிக் கணக்கிட்டார்கள். ஒருவர் எவ்வளவு குணமடைகிறார், இன்னொருவர் எவ்வளவு குணமடைகிறார் என்ற வேறுபாட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு இந்த உறவோடு தொடர்புடையதாக இருந்தது.

எட்டு விழுக்காடுதானா என்று தோன்றலாம். நோயின் கடுமை, வேலை, கடன், குடும்பம், பிறவிக்கூறு என எத்தனையோ காரணங்கள் போட்டியிடும் இடத்தில், ஒரே காரணத்துக்கு இது பெரிய பங்கு. முறைக்கும் முறைக்கும் இடையே காணப்படும் வேறுபாடு பெரும்பாலான ஒப்பீடுகளில் இதைவிடச் சிறியது. உறவு நன்றாக இருப்பதால் குணமாகிறதா, குணமாவதால் உறவு நன்றாகத் தெரிகிறதா என்ற ஐயமும் நியாயமானதே. தொடக்கத்தில் நோயின் அளவு எவ்வளவு இருந்தது என்பதைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் உறவின் பங்கு மறையவில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் கூர்மையானது. 2007இல் 80 ஆலோசகர்களையும் அவர்களிடம் வந்த 331 பேரையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலர் யாரோடும் எளிதில் ஒட்டுவார்கள், சிலர் ஒட்டமாட்டார்கள். பலன் அதனால்தான் மாறுகிறதோ என்பது கேள்வி. வந்தவர்களின் சுபாவ வேறுபாடு பலனை முன்கூட்டிக் காட்டவில்லை. எந்த ஆலோசகரால் பலதரப்பட்டவர்களோடும் நல்லுறவை ஏற்படுத்த முடிந்ததோ, அவரிடம் வந்தவர்களே அதிகம் தேறினார்கள். “எனக்குப் பேச வராது, எனக்கெல்லாம் இது சரிப்படாது” என்று ஒதுங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பேச வைப்பது ஆலோசகரின் வேலை.

இதனால் முறையே தேவையில்லை என்றாகிவிடாது. கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் திடீர்ப் பீதிக்கும் அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பயிற்சி தேவை. மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் மருந்து இன்றியமையாதது. அன்பாகப் பேசுகிறார் என்பதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் அந்தக் கடினமான பயிற்சியைச் செய்வதற்கும், மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதற்கும்கூட, சொல்பவர்மேல் நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

அறைக்குள் நடப்பது

தமிழில் ‘கேள்’ என்ற சொல் வினவுவதையும் செவிகொடுப்பதையும் ஒருசேரக் குறிக்கும். பழந்தமிழில் அதே வடிவம் உறவினரையும் நண்பரையும் குறித்தது. கேளிர் என்பது அதன் பன்மை. திருக்குறளில் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆலோசனை அறையில் நடப்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைப்பது அரிது.

நல்ல ஆலோசகர் கேட்கும்போது சும்மா இருப்பதில்லை. சொன்னதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பார்க்கிறார். வருத்தமான செய்தியைச் சிரித்துக்கொண்டே சொன்னால் அந்தச் சிரிப்பைக் கவனிக்கிறார். பேச்சு நின்றுபோனால் அவசரப்பட்டு இட்டு நிரப்பாமல் காத்திருக்கிறார். போன வாரம் போகிற போக்கில் சொன்ன ஒன்றை, இறந்துபோன தம்பியின் பிறந்தநாள் இந்த மாதம் வருவதை, நினைவில் வைத்துக் கேட்கிறார். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதும் இல்லை. “நீங்க சொல்றது முழுக்க அவர் தப்பு மாதிரி இருக்கே, அப்படித்தானா?” என்று கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கிறார்.

நம் வீடுகளில் கஷ்டம் என்று வாய் திறந்தால் அறிவுரை வரும். “எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு.” “கோவிலுக்குப் போயிட்டு வா.” “புள்ளைங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இரு.” இவற்றில் அன்பு இல்லாமலில்லை. ஆனால் அறிவுரை வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. அடியில் கிடந்தது அடியிலேயே தங்கிவிடுகிறது. வெட்கப்பட்டு மறைத்த ஒன்றைச் சொல்லியும் எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கவில்லை என்பதை ஒருவர் காணும்போதுதான் அந்த வெட்கம் இளகத் தொடங்குகிறது. அறிவுரை அதற்குப் பிறகு வரும். மனச்சோர்வு உள்ளவரிடம் தினமும் கால் மணி நேரம் நடக்கச் சொல்வது ஆலோசகர்களும் தரும் வீட்டுப்பாடம்தான். அதையே வீட்டில் மகள் பத்துத் தடவை சொல்லியிருப்பாள். தம் நிலையை இவர் அறிந்து சொல்கிறார் என்று தோன்றும்போது செருப்பை மாட்டத் தோன்றுகிறது.

எந்த மொழியில் அழுவது?

இரு நாட்டுத் தமிழர்களுக்கும் இந்த உறவின் முதல் தடை மொழி. முப்பது ஆண்டு பால்மரம் சீவிவிட்டு, இப்போது மகனின் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியை எண்ணிப் பார்க்கலாம். நெஞ்சை அடைக்கிறது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்கிறார். இதயப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். அவர் மலாயில் கேட்கிறார், 14 வயதுப் பேரன் இடையில் நின்று பெயர்க்கிறான். பாட்டி ஐந்து நிமிடம் பேசியதை அவன் “தூக்கம் வரலையாம்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறான். பாட்டிக்கோ சொல்ல வேண்டியது வேறு. தோட்டம் மூடப்பட்டு, கோவிலும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரே ஆண்டில் இல்லாமல் போனார்கள். மகன் வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. அதை அந்த மகனின் பிள்ளை எதிரே எப்படிச் சொல்வார்?

குடும்பத்தினரை, அதிலும் சிறுவர்களை, மொழிபெயர்ப்பாளராக வைப்பது ஆலோசனையை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. சந்திப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால், தமிழ் தெரிந்த தாதியோ வேறு ஊழியரோ உடனிருக்க முடியுமா என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

மொழி ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ படித்து வளர்ந்த இளையர்களில் பலர் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் தம் உள்ளத்தைச் சொல்ல முடிகிறது என்பார்கள். “நம்மாளு வேண்டாம், அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்” என்று வேறு இனத்து ஆலோசகரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. தமிழ் பேசியும், பாட்டியின் ‘நெஞ்சடைப்பு’க்குப் பின்னால் இருப்பது துக்கம் என்று புரியாத ஆலோசகரால் பயனில்லை. ‘மன அழுத்தம்’, ‘மனச்சோர்வு’ என்ற சொற்கள் செய்தித்தாளில் பழகிவிட்டன; வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. “மனசு சரியில்ல”, “ஒரே யோசனை” என்றுதான் பேசுகிறார்கள்.

மக்களின் சொல்லிலிருந்தே தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே காட்டியிருக்கிறது. அங்கே ஷோனா மொழியில் மனத்துயரை ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள்; நம் பாட்டியின் ‘ஒரே யோசனை’க்கு அக்காள் தங்கை மாதிரி. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வர 15 டாலர் பேருந்துக் கட்டணம் அவர் குடும்பத்திடம் இல்லை. அந்த இழப்பு சிபாண்டாவை உலுக்கியது. மருத்துவமனையை மக்களிடம் கொண்டுபோக எண்ணினார். பணமும் ஆளும் இல்லை. தலைநகர் ஹராரேயின் எம்பாரே வட்டாரத்தில் சுகாதாரத் தொண்டு செய்து வந்த 14 பாட்டிமார்கள்தான் கிடைத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்து, 2006இல் கிளினிக்குகளுக்கு வெளியே மர நிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். முதலில் அதற்கு வைத்த பெயர் ‘மனநல பெஞ்சு’. யாரும் அண்டவில்லை. பாட்டிமார்களே யோசனை சொல்ல, அது ‘நட்பு பெஞ்சு’ ஆனது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தஞ்சோங் ரம்புத்தான் கேலியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பலன் முறையாக அளக்கப்பட்டது. 573 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பைக் கொஞ்சம் மேம்படுத்திப் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டிமார்களிடம் பேசியவர்களில் அது ஏறத்தாழ 14 விழுக்காடு. பாட்டிகள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆனால் வெறும் பாசத்தோடு உட்கார்ந்தவர்களும் அல்லர். பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்க்கும் முறையில் பயிற்சி பெற்றவர்கள், மேற்பார்வையில் இருந்தவர்கள். உறவும் முறையும் சேர்ந்தே அங்கே நடந்தன.

‘அக்கா’ என்று அழைக்கலாமா?

நம்மவர்கள் யாரையும் உறவு சொல்லி அழைத்துப் பழகியவர்கள். முதல் நாள் ‘மேடம்’, ‘சார்’ என்று தொடங்குவது மூன்றாம் வாரம் ‘அக்கா’, ‘அண்ணா’ ஆகிவிடும். ஆலோசகர்களில் பலர் இதைத் தடுப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு அக்கா கடன் கொடுப்பார், கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் நிற்பார், சண்டையில் தங்கையின் பக்கம் பேசுவார். ஆலோசகர் இவற்றைச் செய்ய முடியாது. மனம் விட்டுப் பேசிய பிறகு அவர் வீட்டு விசேஷத்துக்கு வர மறுத்தால் சிலருக்கு மனம் நொந்துவிடுகிறது. ஒதுங்கி நிற்பதால்தான் அவரிடம் எதையும் சொல்ல முடிகிறது என்பது பிறகுதான் விளங்கும். தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோவதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. அங்பாவ் வேண்டாம்.

எல்லை மீறல் ஆலோசகர் பக்கமிருந்து வந்தால் அது வேறு கதை. வந்தவரோடு காதலோ உடலுறவோ எந்தச் சூழலிலும் கூடாது. கடன் கேட்பது, நேரடி விற்பனைத் திட்டத்தில் சேரச் சொல்வது, தம் மதத்துக்கோ கட்சிக்கோ இழுப்பது ஆகியவையும் அந்த இடத்தை விட்டு எழுந்து வரப் போதுமான காரணங்கள்.

ரகசியம் பற்றிய அச்சம் தோட்டப்புறங்களில் அதிகம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வரிசைக்குக் கேட்ட வாழ்க்கை அது. ஆலோசகரிடம் சொன்னது வெளியே போகாது என்பதே விதி. விலக்குகள் சில உண்டு: வந்தவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தை வதை, நீதிமன்ற ஆணை. அகப்பாடல் மரபில் தலைவியின் காதலைக் கட்டிக்காக்கும் தோழி, இனி மறைத்தால் அவளுக்குக் கேடு என்ற நிலையில் மட்டும் அதைச் செவிலியிடம் வெளிப்படுத்துவாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். ஆலோசகரின் விலக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். இதை முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் கேட்டுவிடலாம்.

சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்ற பயம் இனித் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

மனம் கோணும்போது

எவ்வளவு நல்ல ஆலோசகரும் ஒருநாள் சறுக்குவார். கடிகாரத்தைப் பார்ப்பார். பெயரை மாற்றிச் சொல்வார். அப்பாவைப் பற்றி அழுதுகொண்டிருப்பவரிடம் அவசரமாக வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்பார். ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரான் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த விரிசல்களைத்தான். விரிசல் இரண்டு விதமாக வரும் என்றார்கள். ஒன்று, வந்தவர் வெளிப்படையாகக் கோபப்படுவது. மற்றது, மெல்லப் பின்வாங்குவது: சிரித்துக்கொண்டு “பரவால்ல, நல்லாத்தான் இருக்கு” என்பார், பிறகு தவணைக்கு வரமாட்டார். விரிசலைப் பேசிச் சரிசெய்துகொண்டால் உறவு முன்பைவிட உறுதிப்படுவதும் உண்டு. வீட்டில் கோபத்தைச் சொன்னால் அடியோ அழுகையோதான் மிச்சம் என்று வளர்ந்தவருக்கு, சொல்லியும் உறவு முறியவில்லை என்ற அனுபவமே மருந்தாகிவிடுகிறது.

நம்மவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. படித்தவர், அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர், நம் குறையைக் கேட்க நேரம் ஒதுக்கியவர். அவரிடம் குறை சொல்வதாவது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை, சிகிச்சையே நின்றுபோவது. “போன வாரம் நீங்க சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு” என்று தொடங்கினால் போதும். அதைக் கேட்டு ஆலோசகர் முகம் மாறாமல் “சொல்லுங்க” என்றால் அவர் தம் தொழிலை அறிந்தவர். கோபித்துக்கொண்டால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

எத்தனை முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்? முதல் சந்திப்பு எல்லாருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும். படிவம், பழைய நோய் விவரம், குடும்ப விவரம் என்று நேரம் ஓடிவிடும். உறவு அமைகிறதா என்பது மூன்று நான்கு சந்திப்புகளுக்குள் தெரியத் தொடங்கும். தொடக்க காலத்து உறவே பின்னால் வரும் பலனைக் காட்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றக் கேட்கலாம். மாற்ற வேண்டியது ஆலோசகரைத்தான். “இதெல்லாம் பிரயோசனமில்ல” என்று சிகிச்சையையே கைவிடுவதுதான் பெரிய இழப்பு. சிறு ஊர்களில் ஒரே ஒரு ஆலோசகர்தான் இருப்பார். அங்கே மருத்துவரிடம் சொல்லி வேறிடத்துக்குக் கடிதம் வாங்குவது வழி.

நள்ளிரவில் பேசும் இயந்திரம்

இன்று இளையர் பலர் நள்ளிரவில் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் மனக்குறையைத் தட்டச்சு செய்கிறார்கள். இதற்கும் பழைய கதை உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம், 1966இல் எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். வந்தவர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் எளிய நிரல் அது. ரோஜர்ஸ் வழி ஆலோசகரைப் போல நடிக்க வைத்திருந்தார். அது உருவானதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச உட்கார்ந்ததும் அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் மகிழவில்லை, கலங்கினார். பின்னர் இத்தகைய வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 1976இல் ஒரு நூலே எழுதினார்.

இன்றைய இயந்திரம் எலைசாவைவிடப் பல மடங்கு சாமர்த்தியமாகப் பேசும், தமிழிலும் பேசும். வெட்கமில்லை, செலவில்லை, எந்நேரமும் விழித்திருக்கும். ஆனால் சொல்வதற்கெல்லாம் இசைந்து போகும் குணம் அதற்கு உண்டு. துயரத்தில் இருப்பவருக்கு அது எப்போதும் நல்லதன்று. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருவர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் அழைக்கும் ஆளும் அங்கே இல்லை. பலருக்கு இரவுத் துணையாக இருந்த வோபாட் என்ற அமெரிக்க மனநலச் செயலி, 2025 ஜூன் 30ஆம் தேதி நிறுவனத்தின் முடிவால் மூடப்பட்டது.

எங்கே போவது?

மலேசியாவில் ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். மலாயில் அதன் பெயர் லெம்பாகா கவுன்செலர் மலேசியா. பதிவு எண் ‘கே.பி.’ என்று தொடங்கும். தொழில் செய்யும் சான்றிதழும் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. புகார் கொடுக்க வேண்டிய இடமும் அந்த வாரியமே. சிங்கப்பூரில் ஆலோசகர்களுக்கு இப்படிக் கட்டாயச் சட்டப்பதிவு இல்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

செலவுக்கு அஞ்சுபவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் தேவைப்பட்டால் ஆலோசகருக்கோ, சுகாதார அமைச்சின் ‘மெந்தாரி’ சமூக மனநல மையத்துக்கோ அனுப்புவார்; நாட்டில் இத்தகைய மையங்கள் முப்பதுக்கும் மேல் உள்ளன. சிங்கப்பூரில் சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

முதல் நாள் போகும்போது மூன்று நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போவது உதவும். தமிழில் பேசலாமா? நான் சொல்வது யாருக்கெல்லாம் தெரியும்? எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? ஒத்துவரவில்லை என்றால் யாரிடம் சொல்வது? பாட்டியையோ தாத்தாவையோ கூட்டிப் போகிறவர்கள், வாசல்வரை துணைக்குப் போய்விட்டு, அவர்கள் விரும்பினால் வெளியே காத்திருக்கலாம்.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், மலேசியாவில் 2022இல் தொடங்கப்பட்ட சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி 15555, 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, தாலியான் காசே 15999 ஆகிய எண்களை அழைக்கலாம். சிங்கப்பூரில் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 24 மணி நேர எண் 1767. தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1771.